வீரமாமுனிவர்: பட்டறையும் வழக்கும்

தேர் செய்யும் தச்சர் தம் பட்டறையில் அச்சையும் ஆரத்தையும் பொருத்துங்கால் தேர் அசையாது நிற்கும். பிழை கண்டால் பிரித்து மீண்டும் பூட்டலாம். அத்தேர் வீதிக்கு வந்து, ஊரார் வடம் பிடித்து இழுக்கத் தொடங்கிய பின்னர்ச் சக்கரம் ஒன்று தளர்ந்தால், முட்டுக்கட்டை இட்டுத் தேரை நிறுத்தியே வேலை பார்த்தல் வேண்டும். நிறுத்தவே இயலாத தேர் ஒன்று உளதாயின், அதனைத் திருத்துவது எங்ஙனம்? மொழி அத்தகைய தேராகும். அதனை ஒரு நாளைக்கேனும் நிறுத்தி வைத்துப் பழுது பார்த்தல் எவர்க்கும் இயலாது. உழவர் பேசிக்கொண்டிருப்பர், வணிகர் கணக்கெழுதிக்கொண்டிருப்பர், தாய்மார் தாலாட்டிக்கொண்டிருப்பர். புலவர் தம் பட்டறையில் செய்த கருவியை, ஓடுகின்ற அம்மொழியிலேயே ஓட்டம் தடைப்படாமற் பூட்டுதல் வேண்டும்.

இக்காலத்துக் கணினிப் பொறியாளர்க்கும் இதே இடர்ப்பாடு உண்டு. மென்பொருளை எழுதும் இடம் ஒன்று. அது மக்களுக்காக இயங்கும் இடம் மற்றொன்று. எழுதுமிடத்தில் நிரலை எத்துணை முறையும் அழித்தெழுதலாம், சோதித்துப் பார்க்கலாம். இயங்குமிடமோ, இரவும் பகலும் கணக்கு நடத்தும் வங்கியாகவோ, பயணச்சீட்டுப் பதியும் இரயில்வேயாகவோ, நோயாளர் குறிப்பைக் காக்கும் மருத்துவமனையாகவோ இருக்கும். இவ்விரண்டிடத்தையும் இணைப்பதே அத்தொழிலின் அரிய பகுதி என்பர். இயங்கும் அமைப்பில் நிகழ்வதைப் பட்டறையிலிருந்தே உற்றுநோக்கல் வேண்டும். பட்டறையிற் செய்த திருத்தத்தை இயக்கம் நில்லாதபடி உள்ளே செலுத்தல் வேண்டும். திருத்தம் புகுந்த பின்னும் பழைய பதிவுகள் படிக்கத்தக்கனவாய் இருத்தல் வேண்டும். இம்மூன்று கடமைகளையும், கணினி என்னும் சொல் பிறவாத காலத்தில், கொள்ளிடத்தின் வடகரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து தமிழுக்குச் செய்தவர் வீரமாமுனிவர். அப்பெரியாரின் வாழ்க்கையை இந்நோக்கில் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி என்பது அவர்தம் இயற்பெயர். இத்தாலி நாட்டிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் பிறந்தார். 1698இல் இயேசு சபையிற் சேர்ந்து, இலத்தீன் முதலிய மொழிகளையும் சமய நூல்களையும் பல்லாண்டு கற்றுக் குருப்பட்டம் பெற்றார். பின்னர்ப் போர்த்துக்கல் நாட்டினின்று கப்பலேறி 1710இல் கோவாவை அடைந்து, 1711இல் தமிழகம் புகுந்து மதுரை மிசியோனிற் பணி ஏற்றார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பது. தாய்மொழியைப் போலப் பிறமொழி படிதற்கு அவ்வயது இளமையானதன்று. எனினும் அடுத்த முப்பத்தாறு ஆண்டுகளில் அவர் தாய்நாடு திரும்பவில்லை.

தமிழகம் வந்த அணுமைக்காலம் அவர்க்கு இன்னல் மிக்கதாயிற்று. 1714, 1715ஆம் ஆண்டுகளை ஒட்டிக் குருக்கள்பட்டியில் அவர் சிறைப்பட்டு, மரண தண்டனைக்கு உள்ளாகும் நிலையிலிருந்து தப்பினார். உயிர் பிழைத்தவர் வடக்கு நோக்கி வந்து கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியிலே தங்கினார். அவ்வூரில் அடைக்கல மாதாவின் பெயரால் ஒரு கோயிலெடுத்து, அவ்விடத்திற்குத் திருக்காவலூர் எனத் தமிழ்ப்பெயரும் சூட்டினார். தம் பெயரைத் தைரியநாதர் என மாற்றிக்கொண்டார். பின்னர் அதுவும் வடசொல்லாயிருத்தல் கருதி வீரமாமுனிவர் என வழங்கலாயிற்று.

ஏலாக்குறிச்சி இன்று அரியலூர் மாவட்டத்தில் உளது. முற்காலத்துத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது; அதனின்று 2001இல் அரியலூர் பிரிந்து, மறுவருடம் மீண்டும் இணைந்து, 2007இல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. முனிவர் காலத்தில் அரியலூர் மழவராயர் என்னும் பாளையக்காரர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அம்மழவராயர் மரபினர் ஏலாக்குறிச்சிக் கோயிலுக்கு நிலம் ஈந்தனர் என்பது அவ்வூர் வழக்கு. பெரம்பலூர்ப் பக்கமோ படைகள் வடக்கும் தெற்குமாய்ச் செல்லும் பெருவழியில் அமைந்திருந்தது. அங்குள்ள இரஞ்சன்குடிக் கோட்டை அக்காலப் போர்களை இன்றும் நினைவூட்டும். முனிவர் மறைந்து நான்காண்டு கழிந்த 1751இல் வாலிகண்டபுரத்தருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் நவாபுகளுக்காகப் பொருதனர். ஆற்றங்கரையில் உழவும் பெருவழியில் போரும் நிகழ்ந்த இந்நிலப்பகுதியே முனிவரின் பட்டறையாயிற்று.

இவ்விடம் அவர்க்கு வாய்த்தமை தமிழின் நற்பேறு என்று கருதுகின்றோம். மடங்களிலும் அரசவைகளிலும் மட்டும் தமிழ் பயின்றிருப்பின் அவர் நூற்றமிழ் ஒன்றனையே அறிந்திருப்பார். ஏலாக்குறிச்சியிலோ, பகலெல்லாம் உழவர், மகளிர், சிறுவர் ஆகியோரின் பேச்சு அவர் செவியில் விழுந்தது. இரவிலே நன்னூலும் திருக்குறளும் அவர் கையிலிருந்தன. சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவர் அவர்க்கு ஆசிரியராயிருந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. ஆகவே இயங்குகின்ற தமிழும் பட்டறைத் தமிழும் ஒரே மனிதர்பால் ஒருங்கு சேர்ந்தன.

அவர் முதலிற் கண்டது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு. நூலிலே கற்ற வினைமுற்று வீதியிலே ஒலிக்கவில்லை; வீதியிலே கேட்ட சொல் நூலிலே காணப்படவில்லை. பிற்காலத்துப் புலவர் சிலர் இத்தகைய இடத்தில் வீதியைக் குறைகூறி ஒதுங்குவர். வேறு சிலர் நூலைப் பழமையென்று தள்ளுவர். முனிவர் இரண்டனையும் செய்திலர். பேச்சுத் தமிழுக்குக் கொடுந்தமிழ் இலக்கணம் ஒன்றையும், நூற்றமிழுக்குச் செந்தமிழ் இலக்கணம் ஒன்றையும் இலத்தீன் மொழியில் தனித்தனியே எழுதினார். முன்னது 1728இலும் பின்னது 1730இலும் முடிந்தன. மக்கள் நாவில் வழங்கும் தமிழும் விதிகளுக்கு உட்பட்டதே என்றும், அவ்விதிகளைப் பிழைப்பட்டியலாக இழித்துக் கூறாது முறையாகத் தொகுத்து ஓதலாம் என்றும் அந்நூல் காட்டிற்று. பொறியாளர் தம் ஏட்டில் எழுதிய திட்டத்தோடு நில்லாமல், இயங்கும் பொறி மெய்யாகவே என்ன செய்கின்றது என்று பார்த்து எழுதிய பதிவுக்கு அதனை ஒப்பிடலாம். திட்டமும் பதிவும் அருகருகே இருந்தாலன்றி எங்கே திருத்தவேண்டும் என்பது புலப்படாது.

தமிழ்ப் புலவர்க்கென அவர் தமிழிலேயே இயற்றிய இலக்கணம் தொன்னூல் விளக்கம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தனையும் 370 நூற்பாக்களில் அடக்கி, தாமே உரையும் வரைந்தார். நூற்பெயரே அவர்தம் கொள்கையை அறிவிக்கும். புதுநூல் செய்தேன் என்று அவர் முரசறையவில்லை. தொன்மையான நூலை விளக்கினேன் என்றார். பழையதன்மேற் புதியதைப் பொருத்துவோர்க்கு இப்பணிவு இன்றியமையாதது.

அடுத்து அவர் கைவைத்தது சொற்களஞ்சியம். அதற்கு முன்னர்த் தமிழில் சொற்பொருள் காண்போர்க்கு நிகண்டுகளே துணை. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலியன செய்யுளாக இயன்றவை. தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் எனப் பொருள்வகையால் தொகுக்கப்பட்டவை. முழுவதும் மனப்பாடம் செய்தவர்க்கு அவை காமதேனு. மனப்பாடம் இல்லாதவர்க்கோ, ஒரு சொல்லின் பொருளைத் தேட அச்சொல் எத்தொகுதியிலுள்ளது என்பதை முன்னமே அறிந்திருத்தல் வேண்டும். அதாவது பொருளை அறிந்தவரே பொருளைக் காணலாம். 1594இல் சிதம்பர இரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கி ஒரு வழி திறந்தது. முனிவர் அவ்வழியே நெடுந்தூரம் சென்று, 1732இல் சதுரகராதியை முடித்தார். சொல்லுக்குப் பொருள் கூறும் பெயரகராதி, பொருளுக்குரிய பல பெயர்களைக் கூறும் பொருளகராதி, முக்கனி ஐம்பொறி போன்ற தொகைகளை விரிக்கும் தொகையகராதி, எதுகைச் சொற்களைத் திரட்டும் தொடையகராதி என்னும் நான்கு பகுதிகளால் அது சதுரகராதி எனப்பட்டது. இவற்றோடு தமிழ்–இலத்தீன் அகராதியும், போர்த்துக்கேயத்தையும் இணைத்த அகராதியும் செய்தார். மனத்திற் சுமந்த களஞ்சியத்தை, யாரும் வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும் அலமாரியாக அவர் அமைத்தார் எனலாம்.

இனி, இக்கட்டுரையின் நடுவிடமாகிய எழுத்துத் திருத்தத்தை நோக்குவாம்.

பண்டைத் தமிழில் எகரமும் ஏகாரமும் ஒரே வடிவின. ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. குறிலின்மேற் புள்ளியிட்டு நெடிலினின்று வேறுபடுத்துவது தொல்காப்பியர் கால முறை. உயிர்மெய்யிலும் ஒற்றைக்கொம்பு ஒன்றே இரண்டிற்கும் நின்றது. புள்ளி இருந்தால் குறில், இன்றேல் நெடில். முறை செவ்வியதே, ஆனால் அதனை இயக்கும் கருவி பனையோலையும் எழுத்தாணியும் ஆயின. ஓலையிற் புள்ளியை அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும் என அஞ்சி, எழுதுவோர் நாளடைவில் புள்ளியை விடுத்தனர். நூலில் விதி நிலைத்திருந்தது. ஓலையில் அது மறைந்தது. பட்டறைக்கும் வழக்குக்கும் இருந்த இணைப்பு இங்ஙனம் அறுந்தது.

அதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். எடு என்பதும் ஏடு என்பதும் ஒன்றாய்த் தோன்றின. பெறு என்பதற்கும் பேறு என்பதற்கும், தொடு என்பதற்கும் தோடு என்பதற்கும், கொடு என்பதற்கும் கோடு என்பதற்கும் கண்ணுக்குப் புலனாகும் வேற்றுமை இல்லையாயிற்று. தமிழைத் தாய்ப்பாலோடு பருகியவர்க்கு இஃதொரு குறையாகத் தோன்றவில்லை. இடம் நோக்கி அவர்கள் நெடிலென்றும் குறிலென்றும் தாமே படித்துக்கொண்டனர். வீட்டு வாயிலில் இடறும் கல்லை வீட்டார் கால் தானே விலகிச் செல்வது போன்றது அது. புதிதாய் வருபவர் கால்தான் அக்கல்லில் மோதும். முனிவரோ முப்பது வயதில் புதிதாய் வந்தவர். மேலும் அவர் வளர்ந்த இலத்தீன் மொழியிலும் நெடிலுக்கும் குறிலுக்கும் எழுத்து ஒன்றே. அதனால் விளையும் மயக்கத்தை அவர் முன்னரே அறிந்தவர். ஆகவே பழகியோர் காணாத பழுதைக் காணுங் கண் அவர்க்கு இருந்தது.

பழுதைக் கண்டோர் பலர் இருக்கலாம். ஓடுகின்ற எழுத்தில் அதனைத் திருத்தும் வழி காண்பதே அரிது. மறைந்த புள்ளியை மீட்டு வருமாறு அவர் வற்புறுத்தியிருப்பின், ஓலை மீண்டும் கிழிந்திருக்கும். எழுதுவோர் மீண்டும் விடுத்திருப்பர். முற்றிலும் புதிய எழுத்துக்களைப் படைத்திருப்பின், அவற்றை அறியாதார்க்குப் புதிய ஏடுகள் பயன்படா. புதியன மட்டும் கற்றார்க்குப் பழைய ஏடுகள் பயன்படா. முனிவர் கொண்ட வழி வேறு. இருந்த வடிவை அப்படியே குறிலுக்கு விட்டார். நெடிலுக்கு மட்டும் அவ்வடிவிலேயே சிறிதொன்று கூட்டினார். ஏகாரத்துக்குக் கீழே ஒரு கால் நீண்டது. ஓகாரத்துக்குக் கீழே ஒரு சுழி வளைந்தது. உயிர்மெய்யில், கொம்பின் மேற்புறம் ஒரு சுழி ஏறியது. எழுத்தாணியைத் தூக்காமல் இழுத்துச் சுழிக்கும் கோடுகள் இவை. ஓலையைத் துளைக்கும் புள்ளிக்கு மாற்றாக, ஓலைக்கு இசைந்த சுழி வந்தது.

இத்திருத்தத்தின் நுட்பத்தை மூன்றாக வகுத்துக் காணலாம். முதலாவது, பழைய ஏடுகள் கெடவில்லை. புள்ளியில்லாத பழைய வடிவை முன்போலவே இடம் நோக்கிப் படிக்கலாம். இரண்டாவது, புதுச்சுழியை அறியாத முதியவரும் புதிய ஏட்டைப் படிக்கலாம். கொம்பு கொம்பாகவே தோன்றும், சுழியை அவர் பொருட்படுத்தாது சென்றாலும் பொருள் கெடாது. மூன்றாவது, புதிதாய்க் கற்பவர்க்கு மயக்கம் அடியோடு தீர்ந்தது. பழையவரும் புதியவரும் ஒரே காலத்தில் ஒரே ஏட்டின்முன் அமரக்கூடியதாய் இருந்தமையால், எந்நாளில் மாறினோம் என்பதே தெரியாமல் தமிழுலகம் மாறியது. அரசாணை பிறக்கவில்லை; பழைய எழுத்தை எவரும் தடுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சான நூல்கள் பலவற்றிலும் புள்ளியும் இல்லை, நெடில் வேற்றுமையும் இல்லை. அச்சு பெருகிய பின்னரே முனிவரின் சுழி நாடெங்கும் நிலைபெற்றது. விதைத்தவர் மறைந்து நூறாண்டு ஆன பின் விளைந்த பயிர் அது.

உலகின் வேறொரு கோடியில் நிகழ்ந்த செய்தி ஒன்று இங்கே நினைவுக்கு வருகின்றது. 1977இல் அமெரிக்கர் விண்ணிற் செலுத்திய வாயேஜர் 1 என்னும் கலம் 2023ஆம் ஆண்டு நவம்பரில் பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கியது. அதன் நினைவகத்தில் ஒரு சில்லு பழுதுற்றிருந்தது. கலமோ சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்தது. ஒரு கட்டளை சென்றடைய இருபத்திரண்டரை மணி நேரமாகும். அதனைப் பட்டறைக்கு மீட்டுக் கொணர்தல் எங்ஙனம் இயலும்? பொறியாளர் அதன் நினைவகப் பதிவை வரவழைத்துப் பழுதுற்ற இடத்தைக் கண்டனர். அங்கிருந்த நிரலைச் சிறு பகுதிகளாக்கி, நினைவகத்தில் எஞ்சியிருந்த வேறிடங்களில் பொருத்தி, அப்பகுதிகள் ஒன்றையொன்று அறியுமாறு வழிகளையும் மாற்றினர். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் கலம் மீண்டும் தெளிவாகப் பேசலாயிற்று. தொலைவை நோக்கின், வாயேஜரும் ஏலாக்குறிச்சியும் ஒப்பாகா. செய்த தொழிலை நோக்கினால், நிறுத்த முடியாததை நிறுத்தாமலே, அதனிடம் உள்ள இடத்தையும் கருவியையும் கொண்டே சீர்செய்தல் என்னும் ஒரே நெறி இரண்டிடத்தும் விளங்குகின்றது.

கருவி செய்தவர் தாமே அதனை ஆண்டு பார்க்கவேண்டும் என்பதும் முனிவரின் வாழ்க்கையால் அறியலாம். இலக்கணமும் அகராதியும் முற்றுப்பெறு முன்னரே, 1726இல் அவர் தேம்பாவணியை இயற்றினார். புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட அக்காப்பியம் மூன்று காண்டமும் 36 படலமும் 3,615 பாடல்களும் உடையது. யூதேய நாட்டுக் கதையைத் தமிழ்க் காப்பிய மரபில், நாட்டுப்படலமும் நகரப்படலமும் வகுத்துப் பாடுங்கால், தமிழ்ச் சொற்களும் யாப்பும் எத்துணைப் பாரம் தாங்கும் என்பதை அவர் நேரிற் கண்டார். அதன் பின்னர் எழுதிய தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் அவ்வனுபவத்தின் மேல் எழுந்தவை. உபதேசியார்களின் நடைமுறைக்காக 1727இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலையும் தந்தார். திருக்காவலூர்க் கலம்பகம், கித்தேரியம்மாள் அம்மானை என்பன மக்கள் பாடியாடும் வகையில் எழுந்தவை. காப்பியம் முதல் அம்மானை வரை தமிழின் எல்லா அறைகளிலும் அவர் புகுந்து பார்த்தார்.

அவர் இலக்கணப் பட்டறையில் தமிழ் கற்போர்க்கெனச் செய்த ஒரு சிறு கருவி, அவர் எண்ணியதற்கும் மேலாகப் புகழ்பெற்றது. பேச்சுத் தமிழ் பயிலும் அயல்நாட்டார் வாசித்துப் பழகுதற்காக அவர் எழுதியது பரமார்த்த குரு கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐவரும் அவர் குருவும் ஆற்றைக் கடந்து எண்ணிப் பார்த்தபோது, எண்ணுபவன் தன்னை விடுத்து எண்ணியதால் ஒருவரைக் காணோமென்று ஓலமிட்ட கதையைத் தமிழகத்தில் அறியாத சிறுவர் இலர். பயிற்சிக்கென எழுதிய நூல், பாட்டிமார் வாயிற் புகுந்து தானே இயங்கும் கதையாயிற்று. பட்டறைப் பொருள் வழக்கோடு இணைந்ததற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

முனிவர் வாழ்வில் மற்றொரு செய்தி, நம் போன்ற மாணவர் சிந்திக்கத்தக்கது. கடற்கரைத் தரங்கம்பாடியில் 1706 முதல் லூத்தரன் மிசியோனரிகள் பணிசெய்து, அச்சுக்கூடம் அமைத்து, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முற்ற அச்சிட்டிருந்தனர். அவர்களோடு முனிவர்க்குச் சமயக் கொள்கையில் கடும்பகை. அவர்களை மறுத்து வேதவிளக்கம் முதலிய நூல்களை எழுதினார்; அவர்களும் விடை எழுதினர். இங்ஙனம் இருக்க, முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது அத்தரங்கம்பாடி அச்சுக்கூடத்திலேயே. பூசலிட்டுக்கொண்ட இருசாராரும் தமிழ் கற்றலென்னும் ஒரு தேவையில் ஒன்றுபட்டனர். கருவி நல்லதாயின், செய்தவர் யாரென்று பாராமல் பகைவரும் கைக்கொள்வர்.

முனிவரின் இறுதிக் காலம் நாட்டின் குழப்பத்தோடு பிணைந்தது. 1736இல் சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியை நாயக்கர் குலத்து மீனாட்சியரசியிடமிருந்து கைப்பற்றினார். அவரைக் கண்டு பேசுதற்கென முனிவர் பாரசீகமும் உருதும் பயின்றார் என்று, 1822இல் அவர் சரித்திரத்தைத் தமிழில் எழுதிய முத்துசாமிப் பிள்ளையும் பின்வந்தோரும் கூறுவர். சந்தா சாகிபின் திவானாக வீற்றிருந்தார் என்னும் கூற்றைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஒப்பவில்லை. அதனை நீக்கினும், அரசரோடு பேச அரசர் மொழியையே கற்கவேண்டும் என்னும் அவர் இயல்புக்கு அச்செய்தி பொருந்துவதே. 1741இல் மராத்தியர் திருச்சியைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறைசெய்த பின்னர், முனிவர் தெற்கே கடற்கரைப் பகுதியில் பணிசெய்து, முடிவில் சேரநாட்டு அம்பலக்காட்டை அடைந்து, 1747ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் உயிர் துறந்தார். ஏலாக்குறிச்சி அவர் உடலைப் பெறவில்லை.

அவர் பட்டறை மட்டும் ஓய்வுறவில்லை. 1822இல் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் செந்தமிழ் இலக்கணத்தை ஆங்கிலமாக்கினார். அதே ஆண்டில் பரமார்த்த குரு கதையை இலண்டனில் அச்சிட்டார். 1824இல் சதுரகராதி சென்னையில் அச்சேறியது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவர்க்குச் சிலை எழுந்தது. எழுத்துத் திருத்தம் என்னும் பணியும் அவரோடு முடியவில்லை. பெரியார் 1935இல் தம் குடியரசு இதழில் ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் பழைய வடிவங்களை மாற்றி எழுதத் தொடங்கினார்; 1978இல் தமிழக அரசு அதனை ஏற்றது. ஒருவர் தம் ஏட்டில் ஆண்டு காட்டிய பின்னரே நாடு ஏற்றது என்பது ஈண்டும் காண்க. 1991இல் வெளிவந்த யூனிகோடு என்னும் உலக எழுத்துக் குறியீட்டில், முனிவரின் சுழிக்கொம்புக்கு ஒற்றைக்கொம்பினின்று வேறான தனி எண் கிடைத்தது. 1999இல் வகுத்த தமிழ்99 விசைப்பலகையில் எகரத்துக்கு ஒரு விசையும் ஏகாரத்துக்கு ஒரு விசையும் உள்ளன. அவர் ஓலையிற் பிரித்ததைக் கணினியும் பிரித்தே கொள்கின்றது.

வீரமாமுனிவரைப் பற்றிப் பேசுவோர், அயல்நாட்டார் ஒருவர் தமிழில் இத்துணைப் புலமை பெற்றாரே என வியந்து அமைகின்றனர். அவ்வியப்போடு நாம் நின்றுவிடலாகாது. புலமை பெற்றவர் அவர்க்கு முன்னும் பின்னும் பலர். புலமையை வழக்கோடு பிணைத்தமையே அவர்தம் தனிச்சிறப்பு. தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் அமர்ந்திருக்கும் நாம் பட்டறையில் வாழ்கின்றோம். நூற்பாவும் உரையும் நமக்கு நன்கு தெரியும். வகுப்பை விட்டு வெளிவந்து தேநீர்க் கடையிலும் பேருந்திலும் பேசுங்கால் நாம் வேறொரு தமிழ் பேசுகின்றோம். அத்தமிழுக்கு நம்முள் எவரும் குறிப்பெழுதவில்லை. கணினிக்குத் தமிழ் அமைப்போர் மற்றொரு பட்டறையில் உளர். சொற்பிழை திருத்தும் நிரலும், பேச்சை எழுத்தாக்கும் நிரலும் அவர்கள் செய்கின்றனர். அவர்க்கு இலக்கணம் கூறவேண்டிய நாம் அவர்களை அறியோம். நமக்கு வழக்கின் பதிவைக் காட்டத்தக்க அவர்கள் நம்மை அறியார். இடையிலே மொழி ஓடிக்கொண்டே இருக்கின்றது. இவ்விணைப்பு அறுந்தே கிடக்குமாயின், ஓலையில் புள்ளி மறைந்தது போல இன்னும் எத்தனையோ வேற்றுமைகள் நம் கண்முன்னே மறையும்; பழகிய நாம் அவற்றைக் காணவும் மாட்டோம்.

மொழியை ஆராயும் புலவன் தானும் அம்மொழியைப் பேசுபவருள் ஒருவன் என்பதை மறந்தால், ஆற்றங்கரையில் தன்னை விட்டு எண்ணிய சீடன் ஆகின்றான். முனிவர் அக்கதையை எழுதினார். தாம் அங்ஙனம் எண்ணவில்லை. தமிழ் பேசுவோர் தொகையில் தம்மையும் ஒருவராகச் சேர்த்தெண்ணினார். ஆகவேதான் அவர் செய்த திருத்தம் அயலார் இட்ட ஒட்டாகத் தோன்றாமல், தமிழ் தானே வளர்த்துக்கொண்ட உறுப்பாக நிலைத்தது. இக்கட்டுரையை இதுவரை படித்த அன்பர்கள் அவர்தம் சுழியை நூற்றுக்கணக்கான இடங்களிற் கண்டு கடந்திருப்பர். ஓரிடத்திலேனும் கண் இடறியிராது.